ரெபேக்காவின் கேள்வி: இரட்டைக் குழந்தைகளைச் சுமக்கும் தாயின் களைப்பு



தொடக்கநூலின் 25ஆம் அதிகாரத்தில் ரெபேக்காவைச் சந்திக்கிறோம். திருமணமாகி இருபது ஆண்டுகள் பிள்ளைப்பேறின்றிக் காத்திருந்தவர் அவர். கணவர் ஈசாக்கின் மன்றாட்டைக் கேட்டு ஆண்டவர் அவருக்குத் தாய்மையை அருளினார். ஒன்று கேட்ட இடத்தில் இரண்டு கிடைத்தது. ஆனால் வயிற்றுக்குள் பிள்ளைகள் முட்டி மோதத் தொடங்கியபோது ரெபேக்கா நன்றிப் பாடல் எதுவும் பாடவில்லை. இந்தப் பாட்டோடு உயிர் வாழத்தான் வேண்டுமா என்று மனம் நொந்தார். அந்த நொந்த மனத்தோடு நேரே ஆண்டவரிடம் சென்று காரணம் கேட்டார்.

மறையுரைகளில் நாம் இந்த இரண்டு வரிகளை விரைந்து தாண்டிவிடுகிறோம். ஏசாவின் பசி, யாக்கோபின் தந்திரம், கூழுக்கு விற்ற தலைமகன் உரிமை என்று அவசரமாகப் பிள்ளைகளிடம் போய்விடுகிறோம். தாயிடம் சற்று நிற்போம். இருபது ஆண்டு தவமிருந்து பெற்ற வரத்தை முடியவில்லை என்று அவர் சொன்னபோது, ஆண்டவர் அவரை நன்றி கெட்டவள் என்று கடிந்துகொள்ளவில்லை. உன் வயிற்றில் இருவர் இருக்கிறார்கள் என்று விளக்கம் சொன்னார். இன்று ஸ்கேன் அறிக்கை சொல்லுகிறதை அன்று இறைவனே சொல்லியிருக்கிறார் என்று வேடிக்கையாகக் கூறலாம். வேடிக்கை ஒருபுறம் இருக்க, காரணம் தெரிந்தால் பாரத்தின் பயம் பாதியாகக் குறையும் என்பது உண்மை. அந்தக் காரணங்களைத்தான் இக்கட்டுரையில் நம் தாய்மாருக்கும், அதைவிட முக்கியமாக அவர்கள் வீட்டாருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

திருப்பாலைவனம், பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் வீடு சந்திப்புக்குப் போனால், ஒரு பெண்ணுக்கு இரட்டை என்று தெரிந்த நாளிலிருந்து இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று மகிழ்ச்சியின் குரல். இரட்டை வாழைப்பழம் தின்றிருப்பாள் என்று கிழவிகள் கேலி செய்வார்கள். (வாழைப்பழத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 42 பேரில் ஒருவர் இரட்டையராகவே பிறக்கிறார். நம் நாட்டுக்கு நற்செய்தி கொண்டுவந்த தோமாவையே யோவான் நற்செய்தி திதிம், அதாவது இரட்டையர் என்று அழைக்கிறது. அவரோடு பிறந்த மற்றவர் யார், இருவரையும் சுமந்த அந்தத் தாய் யார் என்று விவிலியம் சொல்லவில்லை.) மற்றொரு குரல் அடுப்படியிலிருந்து வரும். "நாங்கல்லாம் ஆறு பெத்தோம், கூடை தூக்கிக்கிட்டேதான் பெத்தோம். இவ என்னடான்னா அஞ்சாம் மாசமே படுத்துக்கிட்டா" என்பது அது. இந்த இரண்டாம் குரலைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

ஆறு பெற்ற அந்த அம்மாவின் உழைப்பை நாம் வணங்குகிறோம். ஆனால் ஆறையும் ஒவ்வொன்றாகப் பெற்றதும், இரண்டை ஒரே நேரத்தில் சுமப்பதும் உடலுக்கு வேறு வேறு கணக்கு. ஒரு குழந்தையைச் சுமக்கும்போதே தாயின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது. இரண்டு என்றால் அதைவிடவும் கூடுகிறது. அத்தனை இரத்தத்தையும் இரவு பகலாகத் தள்ளிக்கொண்டிருப்பது அதே பழைய இதயம்தான். ஆகவே இரட்டையைச் சுமக்கும் பெண் சும்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதும் அவள் உடல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. மசக்கையை உண்டாக்கும் சுரப்புநீர்கள் இரட்டையில் அதிகமாகச் சுரப்பதால் வாந்தியும் கடுமையாக இருக்கும். ஏழாம் மாதத்திலேயே வயிறு மற்றவர்களின் ஒன்பதாம் மாத வயிற்றின் அளவை எட்டிவிடும். அது மேலே நெருக்கும்போது மூச்சு முட்டுகிறது, இரைப்பை அழுந்தி நெஞ்செரிச்சல் வருகிறது. கீழே அழுத்தும்போது கால் வீங்குகிறது, நரம்பு புடைக்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்க எழவேண்டியிருக்கிறது. இடுப்பு எலும்புகளை இணைக்கும் தசைநார்கள் தளர்ந்துவிடுவதால் புரண்டு படுக்கவே வலி. இரவில் நாலைந்து முறை எழுந்தவள் காலையில் சோர்ந்திருப்பதைச் சோம்பல் என்று பெயரிடுவது நீதியல்ல.

இவற்றில் பலவற்றை முழுதாகப் போக்க முடியாது, ஆனால் குறைக்க முடியும். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றும். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றின் கீழ் மடித்த பழம்புடவை ஒன்று வைத்துக்கொண்டால் இடுப்புவலி தணியும். மூன்று வேளை வயிறு நிறைய உண்பதை விட்டு, ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக உண்டால் நெஞ்செரிச்சலும் குமட்டலும் குறையும். உண்டவுடன் படுக்கக் கூடாது. உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் ஒரு முக்காலியின்மேல் நீட்டிக்கொள்வது நல்லது. நம் பகுதி வெயிலிலும் உப்புக்காற்றிலும் தண்ணீர் தாகம் அடங்குவதே இல்லை. ஆயினும் நல்ல தண்ணீரைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கும் வீடுகளில், தூக்கிவந்தவளே கடைசியாகக் குடிக்கிறாள்.

தண்ணீர்க் குடத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கவேண்டும். இரட்டை என்றால் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று முன்பு மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். அப்படிப் படுத்தே கிடப்பதால் குறைமாதப் பிரசவம் தடுக்கப்படுவதில்லை என்றும், காலில் இரத்தம் உறைதல், தசை மெலிதல் போன்ற கெடுதல்கள் வரலாம் என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மருத்துவர் தனிக் காரணத்துக்காகச் சொன்னாலன்றி முழுப் படுக்கை தேவையில்லை. மாலையில் கடற்கரையில் மெதுவாக நடப்பது நல்லதே. வேண்டியது சுமையை இறக்கி வைப்பது. குடம் தூக்குதல், மீன் கூடையைத் தலையில் ஏற்றிப் பேருந்துக்கு ஓடுதல், ஏலக் கூடத்தில் மணிக்கணக்காக நிற்றல், குத்துக்காலிட்டு இறால் தரம் பிரித்தல், இவற்றைத்தான் விடவேண்டும். ஏரித்தண்ணீரில் மணிக்கணக்காக அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் சகோதரிகள் சிலருக்கு அன்றைய கூலியே அன்றைய சோறு. ஈரத் துணியோடே நேரம் கழிப்பதால் சிறுநீர்த் தொற்று வந்து, அதுவே காலத்துக்கு முன் வலியை உண்டாக்கக் கூடும். அவர்களிடம் ஓய்வெடு என்று சொல்லிவிட்டு நாம் திரும்பி வருவது போதாது. நம் ஏரியில் எந்த நாளில் எவர் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு வழக்கம் தலைமுறைகளாக உண்டு. தண்ணீரை முறை வைத்துப் பங்கிடத் தெரிந்த ஊருக்கு, ஒரு தாயின் வேலையை முறை வைத்துப் பங்கிடத் தெரியாதா?

உணவைப் பற்றி: நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும், சத்து மாத்திரை போட்டால் பிள்ளை கறுத்துவிடும் என்கிற பேச்சுகளை நம்பவேண்டாம். இரட்டையில் பெரும்பாலும் வரும் சிக்கல் பிள்ளைகள் எடை குறைந்து பிறப்பதுதான். தாய்க்கு இரத்தசோகையும் எளிதில் வரும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் களைப்பு இரட்டிப்பாகும். கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பலன் குறையும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றோடு சேர்ந்தால் நன்றாக உடலில் ஏறும். மீன் நம் வீட்டுச் செல்வம். கவளை, நெத்திலி போன்ற சிறு மீன்களை நன்றாக உண்ணலாம். சுறாவிலும் மிகப் பெரிய மீன்களிலும் பாதரசம் சேர்ந்திருப்பதால் அவற்றைத் தவிர்க்கவேண்டும். 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டம் 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கர்ப்பத்தைத் தொடக்கத்திலேயே செவிலியரிடம் பதிவு செய்தால்தான் அது உரிய நேரத்தில் கிடைக்கும். அந்தப் பணம் தாயின் தட்டுக்கு வரவேண்டும், வலைக் கடனுக்குப் போய்விடக் கூடாது.

இனி ஒரு குருவானவர் சொல்லியே ஆகவேண்டிய பகுதிக்கு வருவோம். ஏவாளுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது, பெண்ணாய்ப் பிறந்தால் பட்டுத்தான் ஆகவேண்டும் என்று தொடக்கநூல் 3ஆம் அதிகாரத்தைக் காட்டிப் பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. திருச்சபை அவ்வாறு போதிக்கவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1956 சனவரி 8ஆம் நாள் மகப்பேறு மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இக்கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்டார். பேறுகால வேதனையைத் தணிக்கும் வழிகளைக் கையாளுவதற்கு விவிலியம் தடையில்லை என்று அவர் தெளிவுபடுத்தினார். அதே அதிகாரம் நெற்றி வியர்வை சிந்தி உழைக்கவேண்டும் என்று ஆணுக்கும் சொல்லுகிறது. அதற்காக நாம் யாரும் படகில் இன்ஜின் பொருத்துவதைப் பாவம் என்று சொல்லவில்லையே.

அப்படியானால் துன்பத்தை இயேசுவின் பாடுகளோடு ஒப்புக்கொடுப்பது எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அது எங்கும் போகவில்லை. தூக்கம் வராத இரவில் செபமாலை மணியை உருட்டிக்கொண்டு, இந்த வேதனையைப் பிள்ளைகளுக்காக ஒப்புக்கொடுக்கும் தாயின் செபம் விலைமதிப்பற்றது. ஆனால் தணிக்கக் கூடியதைத் தணித்த பிறகு எஞ்சியிருப்பதைத்தான் ஒப்புக்கொடுக்கிறோம். மேலும், அதை ஒப்புக்கொடுக்க வேண்டியவள் அவளே. மாமியாரோ கணவரோ பங்குச்சாமியாரோ அவள் சார்பில் அதை ஒப்புக்கொடுத்துவிட முடியாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் மனிதத் துன்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது மடலின் இறுதிப் பகுதியில் நல்ல சமாரியரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். துன்பப்படுகிறவர் தம் துன்பத்தால் நன்மை செய்கிறார், அருகில் இருப்பவர் துன்பப்படுகிறவருக்கு நன்மை செய்யவேண்டும், இரண்டும் சேர்ந்ததுதான் கிறிஸ்தவப் படிப்பினை. முதற்பாதியைத் தாய்க்குப் போதித்துவிட்டு இரண்டாம் பாதியை நாம் மறந்துபோவது வசதியான மறதி.

2004இல் புனிதராக உயர்த்தப்பட்ட ஜியான்னா பெரெத்தா மோல்லாவை இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். வயிற்றிலிருந்த பிள்ளைக்காக உயிரைப் பணயம் வைத்த தாய் அவர், உண்மைதான். ஆனால் அவர் தாமே ஒரு மருத்துவர் என்பதையும், 1961இல் கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்தவுடன் மருத்துவமனைக்குச் சென்று, பிள்ளைக்கு ஆபத்தில்லாத அறுவைச் சிகிச்சையைத் தேர்ந்து செய்துகொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வலியை மறைத்துக்கொண்டு வீட்டில் இருந்தவர் அல்லர் அவர்.

திருச்சபையின் ஒழுங்குகளும் இத்தகைய தாயின்மேல் பாரம் ஏற்றுவதில்லை. தவக்கால நோன்பிலிருந்து கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நெடுங்காலமாகவே விலக்கப்பட்டவர்கள். நற்கருணைக்கு முன் வேண்டிய உபவாசம் ஒரு மணி நேரமே. தண்ணீரும் மருந்தும் அதை முறிப்பதில்லை. உடல்நலம் இடம் கொடாதபோது முழந்தாளிட வேண்டியதில்லை என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையே கூறுகிறது. நம் குப்பத்து ஆலயங்களில் தரையில் அமருவதே வழக்கம். அதனால் நாற்காலியில் உட்கார்ந்தால் சாமிக்கு மரியாதையில்லை என்று கூச்சப்பட்டு, எழமுடியாமல் எழுந்து தள்ளாடும் தாய்மாரைப் பார்க்கிறோம். ஆலயத்தில் இருக்கும் நாற்காலிகள் பங்குப்பேரவை உறுப்பினருக்கு மட்டும் போடப்பட்டவை அல்ல. பயணமோ மயக்கமோ தடுக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வீட்டிலிருந்தே செபிப்பது பாவமாகாது. நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரும்படி சொல்லி அனுப்புங்கள்.

பொருத்தனைகளைப் பற்றியும் சிலர் உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளை வரம் வேண்டி, வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவேன் என்றோ, பழவேற்காடு மகிமை மாதா ஆலயத்தை முழங்காலால் சுற்றிவருவேன் என்றோ நேர்ந்துகொண்டவர், இரண்டு பிள்ளைகளைச் சுமந்துகொண்டு அதை நிறைவேற்ற முயலக் கூடாது. திருச்சபைச் சட்டத்தின் 1196ஆம் எண், தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தைப் பங்குத்தந்தைக்கே தருகிறது. வேறொரு எளிய நற்செயலாக மாற்றித் தரவும் முடியும். மாதா கோபிப்பார் என்று அஞ்சாமல் வந்து கேளுங்கள்.

மாதா செய்தது என்ன? எலிசபெத்து ஆறாம் மாதத்தில் இருக்கும்போது மலைநாட்டுக்கு விரைந்து சென்று, ஏறக்குறைய மூன்று மாதங்கள் அவரோடு தங்கினார் என்கிறார் லூக்கா. ஆறும் மூன்றும் ஒன்பது. வயதான ஒரு தாய்க்கு மிகவும் பாரமான கடைசி மூன்று மாதங்களைத்தான் மரியா அங்கே கழித்தார். நம் அன்பியங்கள் வாரந்தோறும் கூடுகின்றன. அன்பியத்தில் இரட்டையைச் சுமக்கும் ஒருத்தி இருந்தால், அவள் வீட்டுத் தண்ணீரை யார் எந்த நாளில் எடுப்பது, மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது, பரிசோதனைக்கு யார் துணை போவது என்று விவிலியப் பகிர்வு முடிந்த கையோடு பேசிவிடலாம். மரியாயின் சேனையினர் தம் வாரப் பணியாக அவ்வீட்டில் ஒரு மணி நேரம் பாத்திரம் துலக்கினால், அதை அறிக்கையில் எழுத நாம் தடை சொல்லமாட்டோம். ஆண்களுக்கும் ஒரு சொல். கடலுக்குப் போய் வந்த களைப்பு பெரிது, அறிவோம். உங்கள் வலையைக் கரையில் இறக்கிவைக்கிறீர்கள். அவளால் இறக்கிவைக்க முடியாது.

வளைகாப்பு நடத்துவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பிட்டுத் தாய்வீடு அனுப்பும் கணக்கு இரட்டைக்குப் பொருந்தாது. இரட்டைக் கர்ப்பங்களில் பாதிக்கும் மேல் 37 வாரம் முடியுமுன்பே பிரசவமாகின்றன. ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே, பட்டுப்புடவையில் நெடுநேரம் உட்காரவைக்காமல், எளிமையாகச் செய்துமுடிப்பது நல்லது. அதன்பின் அவள் தங்கும் வீடு மருத்துவமனைக்கு அருகே இருக்கட்டும். 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன் மிகவும் முக்கியம். பிள்ளைகள் இருவருக்கும் ஒரே நச்சுக்கொடியா, தனித்தனியா என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். ஒரே நச்சுக்கொடி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டியிருக்கும். பிரசவத்தைப் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை ஆகியவை இப்படிப்பட்ட பேறுகளைக் கவனிக்கும் பெரிய அரசு மருத்துவமனைகள்.

எது வழக்கமான களைப்பு, எது ஆபத்து என்று வீட்டார் அனைவரும் தெரிந்திருக்கவேண்டும். தீராத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், மேல்வயிற்று வலி ஆகியவை இரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளங்கள். இரட்டையில் இது அதிகம் வருகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் தாங்கமுடியாத அரிப்பு இருந்தால் கல்லீரலைப் பார்க்கவேண்டும். தேமல் என்று களிம்பு பூசிக்கொண்டிருக்கக் கூடாது. படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறுதல், இரத்தப்போக்கு, பனிக்குடம் கசிதல், வயிறு விட்டு விட்டு இறுகுதல், பிள்ளைகளின் அசைவு குறைதல் ஆகிய எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. குறைமாதத்தில் வலி தொடங்கினாலும், நேரத்தோடு மருத்துவமனை சேர்ந்தால் பிள்ளைகளின் நுரையீரல் முதிர்வதற்கு ஊசி போட வழியுண்டு. பிறந்தபின் ஓடுவதைவிடப் பிறக்குமுன் ஓடுவது மேல் என்பதற்கு இதுவே காரணம்.

பழவேற்காட்டிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர், அங்கிருந்து சென்னைக்கு இன்னும் தூரம். ஏரியின் அக்கரைக் குப்பங்களுக்கு மழைக்கால இரவு இன்னும் கடினம். 108 எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பதோடு, ஊரில் யார் ஆட்டோ இரவில் வரும், யார் படகு தயாராக இருக்கும், கூடவே செல்லும் பெண் யார், இரத்தம் கொடுக்க யார் யார் என்று ஏழாம் மாதத்துக்கு முன்பே அன்பியப் பொறுப்பாளர் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். அந்தத் தாளின் ஒரு படி தாயின் மருத்துவ அட்டையோடும், இன்னொரு படி பங்கு இல்லத்திலும் இருக்கட்டும். பங்கு இல்லத்தின் கதவை எந்த நேரத்திலும் தட்டலாம்.